எண்ணெய் கழுவிச் சாப்பிட்ட மனிதர்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, வாகனத் தொழிற்சாலைகளுக்கு கன்வேயர் செய்து கொடுக்கிறது. செய்து லாரியில் ஏற்றி அனுப்புவது பாதி வேலைதான். அந்த ஊருக்குப் போய்ப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாங்கள் திரும்பலாம். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியூர்தான். எட்டு வருஷமாக என்னோடு வந்தவர் ஒரே ஆள். என்னைவிட ஏழு வயது மூத்தவர், வடக்குப்பட்டுக்காரர். அண்ணா என்று கூப்பிடுவேன்.

முன்பெல்லாம் ஒரு ஊரில் இறங்கியதும் அவர் முதலில் விசாரிப்பது லாட்ஜை அல்ல, கறிக்கடையை. புனேயில் எந்தச் சந்தில் நல்ல கீமா கிடைக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே சொல்வார். அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தைந்து வயதில் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் இருந்தது. எண்ணெய், உப்பு, இனிப்பு, ஆட்டுக்கறி எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். அதே மாதம் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கும் சர்க்கரை என்று வந்தது.

"ரெண்டு பேரும் சேந்தே கட்டுப்பாடா இருப்போம்பா. தனியா இருந்தா மனசு அலையும்," என்றார்.

அடுத்த பயணத்தில் அவருடைய பையைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரக் கெட்டில், ஈரத்துணியில் கட்டிய பாசிப்பயறு, வறுத்த சம்பா ரவை, எண்ணெய் காட்டாமல் சுட்ட சப்பாத்தி. ரயில் கிளம்பி அரக்கோணம் தாண்டியதும் பயறு முளைவிட்டிருக்கிறதா என்று துணியைப் பிரித்துப் பார்ப்பார். லாட்ஜில் காலையில் அந்தக் கெட்டிலிலேயே நாலு முட்டை வேகும். வெள்ளைக்கரு அவருக்கு. மஞ்சளை எடுத்து என் தட்டில் வைப்பார்.

தொழிற்சாலை கேன்டீனில்தான் கஷ்டம். அங்கே எல்லாவற்றிலும் எண்ணெய் மிதக்கும். ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி, காய்களை ஒவ்வொன்றாக அதில் முக்கி, உதறி எடுத்துச் சாப்பிடுவார். பரிமாறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை சமையல்காரரே எழுந்து வந்து, தன் சமையலில் என்ன அழுக்கு என்று இந்தியில் கோபமாகக் கேட்டார். அண்ணா எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதர் உள்ளே போனார். மறுநாளிலிருந்து எங்கள் மேஜைக்கு வேகவைத்த காய் தனியாக வந்தது. எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுப்பாடாக இருக்கவில்லை. போனுக்கு ரீசார்ஜ், தலைவலி மாத்திரை என்று ஏதாவது சொல்லி வெளியே போய்க் கச்சோரி, வடாபாவ் என்று நின்றபடியே தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவேன். ஒருநாள் அப்படித் திரும்பி வந்தபோது, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலர்ல சட்னி கீது, தொடச்சிக்கோ," என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு தொழிற்சாலையில் கன்வேயர் லைன் முதல் முறையாகத் தடங்கலில்லாமல் ஓடியபோது எல்லாருக்கும் சூடாக ஜிலேபி கொடுத்தார்கள். வாங்க மாட்டேன் என்றால் அவர்கள் மனம் நோகும் என்று அவரும் ஒன்று வாங்கிக்கொண்டார். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நன்றாக இழுத்தார். பிறகு என் கையில் வைத்தார்.

"மோந்து பாத்தா சுகர் ஏறாதுல்ல?" என்றார். நாங்கள் சிரித்தோம். அந்த ஜிலேபியையும் நான்தான் தின்றேன்.

இரண்டு வருஷம் அப்படியே இருந்தார். இளைத்து, கன்னம் ஒட்டி, பேன்ட்டைப் பெல்ட்டில் இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் கடைசிப் பயணம் முடிந்து திரும்பிய நான்காம் நாள் காலை, நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அவர் வழக்கமாக ஏறும் நிறுத்தத்தில் பத்துப் பேர் குனிந்து நின்றார்கள். யாரோ கல் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நடுவில் அவர் படுத்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் டிபன் பை சாயாமல் நேராக நின்றது. பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். வழியிலேயே முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சாவு வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது சொந்தக்காரர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"மாசத்துல பாதி நாள் ஹோட்டல் சோறு. வூட்ல பத்தியம் இருந்து இன்னா ஆவறது?"

"நாக்க அடக்கத் தெரில அவனுக்கு."

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டில் பிரியாணி போட்டார்கள். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். அண்ணி, அவருடைய மனைவி, கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்போரம் தனியாக நின்றிருந்தார்.

"ரெண்டு வர்சம் கழிச்சி இந்த வூட்ல ஆட்டுக்கறி வேவுது தம்பி," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. வெளியூர்ல அவுரு இன்னா துன்னாரு?"

எப்போதாவது கறி சாப்பிடுவார் என்று சொன்னால் அண்ணிக்கு ஆறுதலாக இருக்குமா, வேதனையாக இருக்குமா என்றே எனக்குப் புரியவில்லை. ஆனால் பந்தலுக்கு அடியில் ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இரண்டாம் முறையும் முடியாது.

"நீங்க குடுத்தனுப்பனத மட்டும்தான் அண்ணி. கேன்டீன் காயக் கூட வெந்நீர்ல கழுவித்தான் சாப்ட்டாரு."

"கறி?"

"தொடல."

"ஒரு துண்டு கூடவா?"

"ஒரு துண்டு கூட இல்ல அண்ணி."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"போன கிறிஸ்மஸ்க்கு எங்க அம்மா வூட்லருந்து கறி வந்துச்சி. ஒரே ஒரு துண்டு போடுன்னு கேட்டாரு. தட்ட கைல வெச்சிகினு கொழந்த மாதிரி நின்னாரு. வெளிய போனா எப்டியும் துன்னுவாரு, வூட்லயாவது வாயக் கட்டட்டும்னு நான் போடல. திட்டிட்டேன். ஊரெல்லாம் துன்னுட்டு வந்து இங்க நடிக்கிறியான்னு கேட்டேன் தம்பி."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. ரசஞ்சோறு துன்னுட்டுப் படுத்துட்டாரு."

அவர் அழுதபோது சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று, கச்சோரி தின்றது நான்தான், ஏமாற்றியது நான்தான் என்று உளறினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயாவது துன்னியே," என்றார்.

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். பந்திக்குத் திரும்பி இலை முன் உட்கார்ந்தேன். கறித்துண்டை எடுத்தேன், அது வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது.

அதன் பிறகு நான் பத்தியத்தில் இருக்கிறேன். பக்தியோ சபதமோ இல்லை. கடைக்கு முன்னால் நின்றால் கால் உள்ளே போக மறுக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார். அன்று வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது என்னோடு வருகிற ஆள் திருநெல்வேலிப் பக்கம், இளம் வயது. எல்லாம் சாப்பிடுவான். நான் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதில்லை.

அண்ணி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். யாரோ சொந்தக்காரர் மறுபடியும் ஹோட்டல் சோற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார். "கூடப் போன ஆளு சாட்சி கீது, கூப்ட்டுக் கேளுன்னு சொல்லிட்டேன்," என்றார். அன்றிலிருந்து நான் ஊர் கிளம்பும்போதெல்லாம் பேசுவார். அந்த ஊரில் அண்ணா எங்கே தங்கினார், என்ன சொன்னார், யாரோடு சண்டை போட்டார் என்று கேட்பார். எனக்கு நினைவிருப்பதையெல்லாம் சொல்வேன். சொன்னதையே மறுபடி சொன்னாலும் கேட்டுக்கொள்வார்.

போன வாரம் கேட்டார். "இப்ப எந்த ஊரு தம்பி?"

"நாசிக், அண்ணி."

"அவுரு அங்க போயிருக்காரா?"

"இல்ல அண்ணி. இது புது கம்பெனி."

"ஓ," என்றார். பிறகு, பார்த்துப் போய் வா என்று சொல்லி வைத்துவிட்டார்.