சிவப்பு ஒயிலும் பச்சைத் தொப்பியும்

எனக்கு எழுத்து பழக்கமில்லை. ஜெர்மனியில் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் சமையலறை மேசையில் அம்மா சொல்லித்தந்த அளவுதான். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே வாய் அடைத்துப் போகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் பலர் வாசிக்க ஒன்றை எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லப்படாமல் போன ஒரு விஷயம் இது. சொல்ல வேண்டியவர்கள் யாரும் இப்போது இல்லாதபடியால் என் கைக்கு வந்திருக்கிறது.

எழுபதுகளில் எங்கள் வீட்டு நிலவறையில் இரண்டு மணங்கள் இருந்தன. ஒன்று மேல்வீட்டுக்காரர் குவித்து வைத்த உருளைக்கிழங்கு முளைவிடும் ஈரமண் மணம். மற்றது, காரின் கியர்பெட்டிக்கு விடும் சிவப்பு ஒயிலின், இனிப்பா காரமா என்று பிரிக்க முடியாத மணம். அப்பா வேலை செய்த கராஜில் ஊற்றி முடித்த ஒயிலின் தகரப் பேணிகளை முதலாளியின் அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, 'கெல்லர்' என்று நாங்கள் சொன்ன அந்த நிலவறையில் ஊறுகாய்ப் போத்தல்களின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். பேணியின் அடியில் ஒட்டிக்கிடந்தது சொட்டுச் சொட்டாக இறங்கிப் போத்தலில் சேரும். அம்மா உடுப்புத் தோய்க்க அங்கே இறங்கும்போதெல்லாம் அந்தப் போத்தல் வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். கெட்டுப்போன கறியை அப்படித்தான் பார்ப்பார்கள்.

அந்த ஒயில் எங்கள் காருக்கல்ல, எங்களுக்குக் கார் இருக்கவில்லை. அது ஊரின் துவக்குச் சங்கத்துக்கு, துப்பாக்கி சுடும் ஆண்களின் சங்கம்.

வுப்பர்டாலுக்கு அப்பால் மலைச்சரிவில் ஒரு சிற்றூர். அங்கே தமிழர் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். அறுபதுகளின் கடைசியில் கார் வேலை பழக வந்த அப்பா அங்கேயே தங்கிவிட்டார். ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாரும் துவக்குச் சங்கத்தில் இருந்தார்கள். வருடம் ஒருமுறை பச்சை உடுப்பும் இறகு குத்திய தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டு, மரத்தால் செய்த துவக்குகளைத் தோளில் வைத்து, பித்தளை வாத்தியக்காரர் முன்னே போக ஊர்வலம் வருவார்கள். பிறகு உயரக் கம்பத்தில் ஆணியடித்த ஒரு மரக்குருவியை உண்மையான துவக்கால் மாறி மாறிச் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்தின் ராசா. ராசாவுக்கு வெள்ளிச் சங்கிலி, குதிரை வண்டி, பீப்பா பீப்பாவாகப் பியர், எல்லாவற்றுக்கும் காசு இருந்தது. துவக்குச் சங்கத்தில் துவக்குக்கு மட்டும் காசு இருக்கவில்லை. கடையில் சின்னக் குப்பியில் விற்கும் துவக்கு ஒயில் 'கொள்ளை விலை' என்று சொல்லி, அதே மூச்சில் இன்னொரு சுற்றுப் பியருக்குக் கை தூக்குகிற மனிதர்கள் அவர்கள்.

"மரக்குருவியைச் சுட இத்தினை ஆம்பிளையள்," என்பார் அம்மா. "அதுவும் பறக்க ஏலாத குருவி."

"உமக்கு விளங்காது. இது இவையின்ரை பண்பாடு," என்பார் அப்பா.

"எனக்கு விளங்குது. அந்தக் குருவிக்குத்தான் விளங்கேல்லை."

அப்பாவுக்கு அந்தத் தொப்பியின் மேல் ஆசை. வேறு எதையும் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. அந்த ஆசையை மோப்பம் பிடித்தவர் சங்கத்தின் துவக்குப் பொறுப்பாளர் ப்ரூக்மான். அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிற உத்தியோகம். போரில் இருந்ததாக மேசைக்கு மேசை சொல்லுவார்; அங்கே கந்தோரில் தட்டச்சு அடித்ததாக அவருடைய மனைவி என் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார், மொழிபெயர்த்தது நான். அவர் சங்கத்தின் உண்மையான துவக்குகளைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வருவார். முன்கதவில் அவரை நான் கண்டதேயில்லை. அப்பா கெல்லரில் இருந்துகொண்டு அவற்றைத் துடைப்பார். என்ஜின் ஒயில் தனியாகப் போட்டால் குளிர் நாளில் தடித்து, துவக்கின் பூட்டு சோம்பலாக நகரும் என்று சிவப்பு ஒயிலைக் கலந்து இளக்குவார். உராயும் இடத்தில் கிறீஸை நகநுனியால் தொட்டு வைப்பார். கராஜில் வடித்த பழைய ஒயிலை மட்டும் கிட்ட விடமாட்டார், அதற்குள் இரும்புத் தூள் கிடக்கும் என்பார். காருக்கு வந்த ஒயிலில் அந்தத் துவக்குகள் மூன்று வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடின. கூலியாக அப்பாவுக்குக் கிடைத்தது, "அடுத்த விழாவில் பார்ப்போம்" என்ற பேச்சு. எனக்குப் பத்து வயது நடந்த வருடம்தான் அது உறுதியாயிற்று: ஞாயிறு இரவு விழாக் கூடாரத்தில் அவரை அங்கத்தவராக அறிவித்துத் தொப்பி வைப்பார்கள்.

கெல்லர்த் தட்டின் மூலையில் வேறு ஒரு பேணியும் இருந்தது, காரின் பிறேக்குக்கு விடும் பிறேக் ஒயில். பெயர்தான் ஒயில். ஒரு துளி பட்டால் பெயின்ற் பொங்கி உரியும். அப்பா வேலைச் சாமான்கள் வைக்கும் நீல ஆயுதப்பெட்டியில் அது சிந்தின இடம் சொறி பிடித்த தோல் மாதிரி இருந்ததை நான் தினமும் பார்ப்பேன்.

விழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம், அப்பா வேலையில் இருந்த நேரம், ப்ரூக்மான் வந்தார். ஊர்வலத்து மரத்துவக்குகளையும் குருவி சுடும் துவக்கையும் மினுக்க ஏதாவது வேண்டுமாம். கேட்காமலே கெல்லருக்கு இறங்கினார். அம்மாவும் நானும் பின்னால் போனோம். சிவப்பு ஒயிலை மணந்து மூக்கைச் சுளித்து, "கார் நாற்றம், நகரபிதாவுக்கு முன்னால் இதையா பூசுவது?" என்றார். பிறகு மூலைப் பேணியைத் திறந்தார். தெளிவான, மெல்லிய, மணம் என்று சொல்ல ஒன்றுமில்லாத திரவம். அவருடைய முகம் மலர்ந்தது.

"பார்த்தாயா, நல்லதைத் தனக்கென்று ஒளித்து வைத்திருக்கிறான்!"

"பிள்ளை, அது பிறேக்குக்கு விடுறது, மரத்திலை பூசினால் வார்னிஷ் உரியும் எண்டு சொல்லு," என்றார் அம்மா.

சொன்னேன். அவர் என் தலையைத் தட்டினார். "சின்னப் பெண்ணே, உன் அப்பா பிறக்க முன்னமே நான் துவக்குத் துடைத்தவன்." அவருடைய மனைவி சொன்ன கணக்கில், அந்தக் காலத்தில் அவர் துடைத்தது தட்டச்சு இயந்திரத்தைத்தான்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார் அம்மா.

இன்னொருமுறையும் சொன்னேன், கொஞ்சம் உரத்தே. அவர் பேணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

பொழுதுபட வந்த அப்பாவிடம் அம்மா விஷயத்தைச் சொன்னார். அப்பா கை கழுவாமலே சங்க மண்டபத்துக்கு ஓடினார். போன வேகத்தில் பாதிகூட இல்லாமல் திரும்பி வந்தார்.

"பூசி உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டார். ஆக்களோடை பியர் குடிச்சுக்கொண்டு நிக்கிறார். இப்ப போய்ச் சொன்னால் மனுசனுக்கு மரியாதையீனம்."

"அப்ப உங்கடை மரியாதை?"

"நாளைக்கு அவர் தானாக் காணுவார்," என்றார் அப்பா.

ஞாயிறு நல்ல வெயில். ஊர்வலம் தேவாலயத்தடிக்கு வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. அங்கே துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றச் சொல்லிக் கட்டளை வந்தது. துவக்குகள் மாறின, கையுறைகள் மாறவில்லை. வெள்ளைக் கையுறைகள் பசையான கட்டைகளில் ஒட்டிக் கிடக்க, பெரிய மனிதர்கள் வெறுங்கையோடு நடந்தார்கள். பச்சைத் தோள்களில் மண்ணிற வார்னிஷ் அப்பியிருந்தது. சங்கத் தலைவரான ஊர்ப் பேக்கரிக்காரர் குருவியைச் சுடத் துவக்கைக் கன்னத்தில் வைத்து எடுத்தபோது அவருடைய வெள்ளைத் தாடியின் ஒரு பக்கம் நாய் நக்கினது போலப் படிந்து நின்றது. ஊர் முழுக்கச் சிரித்தது. அதைவிடப் பொருத்தமான கோலத்தில் அந்தச் சங்கத்தை நான் பிறகும் கண்டதில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரவு கூடாரத்தில் தலைவர் எழுந்து, இந்த எண்ணெய் யாருடையது என்று கேட்டார். ப்ரூக்மான் கதிரையில் சாய்ந்தபடியே, "வெளிநாட்டுக்காரனுடைய வீட்டிலிருந்து வந்தது," என்றார். அது பொய்யில்லை, அதுதான் அந்த ஆளின் கெட்டித்தனம். அத்தனை தலையும் எங்கள் மேசைக்குத் திரும்பின. அம்மாவின் கை என் முழங்காலை இறுக்கியது. அப்பா எழுந்தார். அவருடைய ஜெர்மன் நல்ல ஜெர்மன், ஒரு வசனம் போதும், சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"பிழை என்னுடையது. நான்தான் தவறான பேணியைக் கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள்."

ப்ரூக்மான் மெதுவாகத் தலையாட்டினார், பெருமனதோடு மன்னிக்கிறவர் மாதிரி. எத்தனையோ கீழ்த்தரங்களைப் பிறகு கண்டிருக்கிறேன்; அந்தத் தலையாட்டலுக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை. தலைவருக்குத் திருப்தி. பிழையை ஒப்புக்கொள்கிறவன்தான் எங்களுக்கு வேண்டிய ஆள் என்று ஒரு பேச்சுப் பேசி, அப்பாவை மேடைக்கு அழைத்துத் தொப்பியை வைத்தார். கைதட்டினார்கள். தொப்பி அளவில் பெரிது, காது வரை இறங்கியது. அப்பாவின் கண் கலங்கியிருந்தது, சந்தோசத்தில்.

அவர் மேசைக்குத் திரும்பி வந்ததும் அம்மா எல்லாருக்கும் கேட்கத் தமிழில் சொன்னார்: "தொப்பி வடிவாத்தான் இருக்கு. தலையைத்தான் காணேல்லை."

"சிரியும்," என்றார் அப்பா, உதடு அசையாமல். "எல்லாரும் பாக்கினம்."

தலைவர் என்னிடம் குனிந்து, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். தொப்பி அழகாக இருக்கிறதாம் என்றேன்.

இன்று அந்த மண்டபம் உடற்பயிற்சிக் கூடம். சேர வாலிபர் இல்லாமல் சங்கம் கலைந்து போனது. ஊரில் அதற்காக யாரும் அழுததாகக் கேள்விப்படவில்லை. மரக்குருவி நின்ற மேட்டில் கார்கள் நிற்கின்றன. கெல்லரில் இப்போது சலவைத்தூள் மணம் மட்டும். அம்மாவும் அப்பாவும் இல்லை. தொப்பி என் அலுமாரியில் கிடக்கிறது, இறகைப் பூச்சி தின்றுவிட்டது. கார் ஒயிலைத் துவக்குக்கு விடலாமா கூடாதா என்று இணையத்தில் ஆண்கள் இரவு பகலாகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று என் மகன் காட்டினான். தாராளமாக விடலாம். எங்கள் வீட்டுக் கதையில் ஒயிலில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

விழாவுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை காலை, ப்ரூக்மான் வெறும் போத்தலோடு பின்கதவில் நின்றார். அப்பா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கெல்லருக்கு இறங்கி, சிவப்பு ஒயிலை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.