கோதண்டத்தின் அபின் அட்டை

போன வாரம் என் மகள் துபாய்க்குத் திரும்பக் கிளம்பினாள். நான் வறுத்து அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "இதுல கசகசா போட்டியாம்மா?" என்றாள். போடாமல் என்ன குருமா? "ஐயோ, அந்த ஊருக்குக் கசகசா கொண்டுபோனா ஜெயில்மா!" என்று பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தச் செடியின் விதை கசகசாவோ, அதே செடியின் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அந்த அபினைச் சர்க்காரே மாதாமாதம் நிறுத்துக் கொடுத்த காலத்தில், அதைப் பதிவேட்டில் எழுதியவள் நான்.

நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அபின் கடைகளை ஏலம் விடுவார்களாம். சுதந்திரம் வந்தபிறகு கடைகளை மூடினார்கள். அது இல்லாமல் இருக்க முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, அளவையும் போகப்போகக் குறைத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்த எங்கள் ஆயத்தீர்வை அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, மிச்சம் இருந்தவை மூன்றே அட்டைகள்.

மாகறலிலிருந்து பஸ் பிடித்து வருவேன். எங்கள் குடும்பத்தில் சேற்றில் கால் வைக்காமல் சம்பாதித்த முதல் ஆள் என்ற மிதப்பு எனக்கு நிறைய. இருபத்தொரு வயதில் எல்லோரும் என்னை "டைப்பிஸ்ட் அம்மா" என்று கூப்பிட்டால் மிதப்பு வராமல் என்ன செய்யும்!

அபின் இரும்புப் பெட்டியில் இருக்கும். பார்ப்பதற்குப் பழம்புளி உருண்டை. பெட்டியைத் திறந்தால் ஈரத்தில் கிடந்து மக்கிய தழையின் வாசனை வீடு முழுக்கப் பரவும். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கப் பிடிக்காது. இன்ஸ்பெக்டர் நகைக்கடைத் தராசில் நிறுப்பார். நான் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன்.

அட்டைக்காரர்களில் ஒருவர் கோதண்டம். செவிலிமேட்டில் பட்டு நெய்கிறவர். வாலிபத்தில் குடல் நோவுக்கு எவரோ ஒரு வைத்தியர் அபின் கொடுக்க, நோவு அடங்கியது, பழக்கம் அடங்கவில்லை. காலையில் ஒரு மிளகளவு, சாயங்காலம் ஒரு மிளகளவு. அதைப் போட்டுக்கொண்டால் மற்றவர்களைப்போலத் தறிக்குழியில் உட்கார்ந்து வேலை செய்வார். ஒருநாள் தவறினாலும் கை நடுங்கும், வயிறு போகும், இழை அறுந்துகொண்டே இருக்கும். அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடை திறந்திருந்த சமயம் அது. கள்ளுக்கு அட்டை வேண்டாம். ஆனால் கோதண்டம் அந்தப் பக்கமே போனதில்லை. "அதெல்லாம் குடிகாரனுங்க சமாச்சாரம்மா" என்று முகத்தைச் சுளிப்பார்.

முதலில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில்தான் அபின் கொடுத்தார்கள். அதற்காக அவர் ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு வரவேண்டியிருந்தது. அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் எந்தத் தறியும் ஓடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "அமாவாசைக்கு வரச் சொல்லலாமே சார்" என்று யோசனை சொன்னவள் நான்தான். இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பரவால்லியே, உனக்கு இந்த ஊரு புடிபட்டுப்போச்சும்மா" என்றார். அன்று பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வருஷம் ஓர் அமாவாசைக்கு மறுநாள், மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லா அட்டைகளையும் புதுப்பிக்க வேண்டும். ஜில்லா டாக்டரின் சர்டிபிகேட்டோடு இருபத்தைந்தாம் தேதிக்குள் வராதவர்களின் பெயரை அடித்துவிட வேண்டும். மூன்று பேருக்கும் தபால் கார்டு போடும்படி இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார். மற்ற இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள். கண்ணில் பட்டதும் வாயாலேயே சொல்லிவிட்டேன். கோதண்டம்தான் அமாவாசைக்கு எப்படியும் வருவாரே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி காகிதத்தில் இருந்தது. அமாவாசை வானத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த அமாவாசை விழுந்தது இருபத்தெட்டாம் தேதி.

அன்றைக்கு வழக்கம்போல வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார் கோதண்டம். பதிவேட்டைப் பிரித்த இன்ஸ்பெக்டர், "பேரை அடிச்சாச்சேப்பா. இருபத்தஞ்சுக்குள்ள ஏன் வரல?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவருக்குக் கார்டு போட்டியாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தவறு அலுவலகத்துடையது என்று மேலே எழுதி, இன்னொரு மாதம் அவகாசம் வாங்கியிருப்பார். என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

"போட்டேன் சார்" என்றேன்.

கோதண்டம் என்னைச் சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. "வந்திருக்கும் சார். நான் தறிக்குழியிலேயே கெடந்துக்கினு இருக்கிறவன். பசங்க எங்கனா வாங்கிப் போட்டிருக்கும். என் தப்புதான்" என்றார். அவர் போனபிறகு தபால் அனுப்பும் பதிவேட்டை எடுத்தேன். உத்தரவு வந்த தேதிக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அதில் கோதண்டத்தின் பெயரையும் விலாசத்தையும் அழகாக எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே அழகுதான்.

ஐந்தாறு வாரம் கழித்து அவரையே பிடித்துக்கொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் எவனிடமோ வாங்கிய அபின், சுண்டைக்காய் அளவு, இடுப்பு மடிப்பில் இருந்தது. எங்கள் தராசிலேயே நிறுத்தார்கள். கைப்பற்றியதற்கான மகஜரை நான்தான் டைப் அடித்தேன். கையெழுத்துப் போட அவருக்குக் கை நிற்கவில்லை. பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். "பயப்படாதம்மா, நான் ஒண்ணும் கள்ளக்கடத்தல்காரன் இல்ல" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

சப் ஜெயிலிலிருந்து எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தாராம். மறுபடி தறியில் உட்காரவேயில்லை. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார்.

அவர் மனைவி ராஜம்மா ஓர் அமாவாசையன்று வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அபின் அட்டையை அவிழ்த்து என் மேஜைமேல் வைத்தார்.

"ஆளு பூட்டா இத்த ஆபீசுல திருப்பிக் குடுத்துடணும்னு பின்னாடி போட்டிருக்குதாமே. படிச்ச பையன் சொன்னான். அதான் எடுத்துக்கினு வந்தேன்."

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"தபால்காரரைக் கேட்டேன்மா. அப்படி ஒரு கார்டே வரலன்றாரு. எங்க தவறிப்போச்சோ." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீ போட்டதாத்தானே சொன்ன?"

"போட்டேன்மா" என்றேன், இரண்டாவது முறையாக.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எண்பதுகளில் போதைப்பொருளுக்கென்று புதுச் சட்டம் வந்தது. தேசம் முழுமைக்கும் தனி அமைப்பு வந்தது. இப்போது டிவியில் பார்க்கிறேன். பொட்டலங்களை அடுக்கி வைத்து, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கிறார்கள். மோப்ப நாய்கூட நிற்கிறது. வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொட்டலங்களில் ஒன்றுகூடக் குடல் நோவுக்காக வாங்கியதாக இருக்காது.

அலுவலகம் இருந்த வீடு இப்போது செல்போன் கடை. இன்ஸ்பெக்டர் காலமாகி வெகுநாளாயிற்று. ராஜம்மாவைத் தேடி, ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை செவிலிமேட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் புது வீடுகள். அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. பழைய பதிவேடுகளையாவது பார்க்க முடியுமா என்று ஜில்லா அலுவலகத்தில் விசாரித்தேன். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து எல்லாவற்றையும் எரித்துவிட்டோம் என்றார் ஓர் இளைஞர், மரியாதையாக நாற்காலி போட்டு.

அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'கார்டு போடவில்லை' என்று எழுதவேண்டும் என்றுதான் போயிருந்தேன். பேனாகூடக் கைப்பையில் இருந்தது.