அப்பாவின் முறை

அன்று வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் இருந்த தொலைபேசிக் கடைக்குள் நின்றவர்கள் நான்கு பேர்: அம்மா, அக்கா, எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரி மாமி, நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்கார முஸ்லிம் அண்ணன். கடைக்குள் நிற்காதவர் அப்பா. அவர் எதிரே தேத்தண்ணிக் கடை நிழலில், எல்லாருடைய பைகளையும் ஒரு குடையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உக்ரேனில், மாணவர் விடுதியின் கீழ்த்தளத்தில், சுவரில் பொருத்தியிருந்த தொலைபேசியோடு நின்றேன். அவர்களுக்குக் காலை பத்து மணி. எனக்கு ஆறு மணி. கதவுக் கண்ணாடியில் பனி கட்டியாகப் படிந்திருந்தது.

ஒரு தொலைபேசி அழைப்புக்கு வயல்காரி மாமி ஏன் வந்தா என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர். வன்னியில் கனகராயன்குளத்துக்கு உள்ளே காடு வெட்டி வயலாக்கினார். அவருக்கும் அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் என்றால், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைமடுவம் வரைதான். அக்கா இடம்பெயர்வில் படிப்பை விட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். மருத்துவத்துக்குக் கொஞ்சப் புள்ளி போதாமல் நின்றது. அப்போதுதான் சண்டை நின்று சமாதானம் வந்து, வன்னியிலிருந்து வெளியே போகும் பாதை திறந்தது. உக்ரேனில் ஓர் ஆயத்த வருடம் உண்டு, மொழியும் உயிரியலும் இரசாயனமும் படிப்பிப்பார்கள், கடைசிச் சோதனையில் தேறினால் மருத்துவக் கல்லூரிக்குள் போகலாம் என்று வவுனியாவில் ஒருவர் சொன்னார். அப்பா அவர் சொன்னதில் மருத்துவக் கல்லூரி என்பதை மட்டும் கேட்டார்.

அம்மாவின் நகை போனது. சவூதியில் இருந்த சித்தப்பா உதவினார். அந்தப் போகத்து நெல்லில் ஒரு மூட்டைகூட வீட்டுக்கு எடுக்காமல் விற்றோம். வெட்டுக்கூலி கொடுத்தால் மிஞ்சாது என்பதால் அயலில் இருந்த வீடுகள் எல்லாம் கூலியில்லாமல் வந்து வெட்டிச் சூடடித்துத் தந்தன. அது எங்கள் ஊர் வழக்கம்தான். இன்றைக்கு நீ என் வயலுக்கு ஒரு நாள் வந்தால், நாளைக்கு நான் உன் வயலுக்கு ஒரு நாள் வருவேன். அதில் இரண்டு விசயம் எல்லாருக்கும் தெரியும். நாள் கடன் வைத்திருப்பவன், அதைக் கொடுத்து முடிக்கும்வரை தன் வேலைக்கு ஆள் கேட்கமாட்டான். இன்னொன்று, ஒருவர் தன்னுடைய நாளை உனக்கென்று விட்டுத்தந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி.

நான் போன பிறகு அப்பா எனக்குச் செலவுக்கு அனுப்புவதற்காகக் கூலி வேலைக்கும் போகத் தொடங்கினார். ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாட்கள் அப்படியே கிடந்தன. அந்த வெட்கத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எனக்கு இப்ப வயலுக்கு வர நேரமில்லங்க," என்று வீடு வீடாகச் சொன்னாராம். "பையன் டாக்டருக்குப் படிக்கிறான். மாசத்துக்கு ஒரு தடவ போன் எடுப்பான். ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு வீடு வாங்க. ஒடம்புக்கு என்னான்னு அவன்கிட்டயே கேட்டுக்கங்க."

ஊர் சிரித்தது. பிறகு ஒத்துக்கொண்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஆயத்த வருடத்தின் இரண்டாம் மாதத்தில் இருந்தேன். எங்கள் வகுப்பில் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. நைஜீரியப் பையன் ஒருவன், இரண்டு சீனப் பெண்கள், மொரோக்கோவில் இருந்து மூன்று பேர், நான். புது மொழியில் எங்களுக்கு முதலில் தந்தது உடம்பின் பெயர்களைத்தான். கடையில் அரை இறாத்தல் சீனி கேட்கத் தெரியாத நாளிலேயே மண்ணீரலுக்குச் சொல் தெரிந்திருந்தது. விடுதிக் குசினியில் ஒரே ஓர் அடுப்புத்தான் சூடேறும். அதில் சோறு வைக்க வரிசையில் நின்றபடி கன்னத்தைத் தொட்டு, நெற்றியைத் தொட்டு, ஒருவருக்கொருவர் பாடம் கேட்போம். நைஜீரியப் பையன் என் முழங்கையைத் தொட்டு முழங்கால் என்பான். நான் அவன் காலைத் தட்டுவேன். எங்களுக்குள் இருந்த கதை அவ்வளவுதான். ஆனால் அது போதுமாக இருந்தது.

முதல் மாதம் தொலைபேசியில் வந்தது ஒரு கிழவர். இருமிக் காட்டினார். நான் திகைத்துப்போனேன்.

"ஐயா, நான் இன்னும் டொக்டர் இல்லை. இப்பதான் பாசை படிக்கிறன். பூதக்கண்ணாடியில வெங்காயத் தோலை வைச்சுப் பாக்கிறம். அவ்வளவுதான்."

"வெங்காயத்துக்கு என்ன வருத்தம்?" என்று கிழவர் கேட்டார்.

நான் சொன்னது ஒன்றுதான். "பக்கத்திலதானே வவுனியா ஆஸ்பத்திரி இருக்கு. வந்தது வந்தாச்சு. காட்டிப்போட்டுப் போங்கோ."

அவர் போனார். சளிக்கு மருந்து கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஒரு தாய் காது வடியும் பிள்ளையோடு வந்தா. அவவுக்கும் அதையே சொன்னேன். அவவும் போனா. ஓமந்தையில் இயக்கம், இராணுவம் என்று இரண்டு பக்கச் சோதனைச் சாவடியும் தாண்டி, பஸ் மாறி, வெயிலில் வரிசை நின்று ஆஸ்பத்திரிக்கென்று ஒருவரும் கிளம்பமாட்டார்கள். என்னோடு பேசவென்றால் கிளம்பினார்கள். என்னுடைய மருந்து ஊருக்குள் பகிடியானது. "தம்பியிட்ட ஒரு குளிசைதான் இருக்கு, வவுனியாக் குளிசை," என்று சொல்லிச் சிரித்தார்களாம். ஆனாலும் யாரும் தன் முறையை விடவில்லை.

அப்பா மட்டும் பேசமாட்டார். ஒவ்வொரு மாதமும் ஆளைக் கூட்டி வந்து கடைக்குள் விட்டுவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் வந்து "சாப்புட்டியா, குளுருக்குப் போத்திக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

தையில் அக்கா தொலைபேசியைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். "அப்பாவுக்கு என்னவோ செய்யுது. முந்தநாள் வயலில இருந்து ஒரு கால் செருப்போட வந்தவர். இடது காற்செருப்பு எங்கையெண்டு கேட்டா, குனிஞ்சு பாத்துப்போட்டு 'அட'ங்கிறார். கழண்டதே அவருக்குத் தெரியேல்லை."

அதை நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். வகுப்பில் உயிரியல் ஆசிரியை, சாந்துக்கட்டியால் செய்த ஒரு பாதத்தை மேசையில் வைத்துப் பெயர்கள் கேட்ட அன்றுதான் அது திரும்ப நினைவுக்கு வந்தது. வகுப்பு முடிந்ததும் எனக்குத் தெரிந்த சொற்களைக் கோத்தேன். அப்பா. கால். செருப்பு விழுந்தது. அப்பா தெரியாது.

ஆசிரியை சிரிக்கவில்லை. வயது கேட்டா. அடிக்கடி தண்ணீர் குடிக்கிறாரா என்று ஒரு கோப்பையை வாயில் வைத்துக் காட்டினா. எனக்குத் தெரியாது என்றேன். "சீனி" என்று ஒரு சொல் சொன்னா. நீரிழிவைத்தான் சொன்னா. பிறகு சாந்துப் பாதத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தட்டி, "இங்கே பார்க்கச் சொல்," என்றா. பார்க்காவிட்டால் என்ன என்று கேட்டேன். அவ கணுக்காலுக்கு மேலே கையை வைத்து ஒரு கோடு இழுத்துக் காட்டினா.

வயலில் நிற்கும் மனிதனுக்கு அந்தக் கோடு என்ன என்று எனக்கு விளங்கியது. அடுத்த மாதம் தொலைபேசியில் அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அப்பா, நீங்கள் இண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"எனக்கு என்னாடா? நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்கு இவங்க முறை. இவங்களப் பாரு."

"உங்களுக்குச் சீனி இருக்கும் போல."

"ஊருக்கே நாள் கடன். கடன வச்சுக்கிட்டு நான் முன்னுக்குப் போயி நிக்கவா? எல்லாரும் பேசி முடியட்டும். அப்புறம் நான் வாறேன்."

இன்னும் எட்டு வீடு இருந்தது. எட்டு மாதம். நான் கெஞ்சினேன். கோபப்பட்டேன். அவர் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். அம்மா மெதுவாகச் சொன்னா, "அவரு வரமாட்டாருடா. ஒனக்குத் தெரியாதா அவர."

அக்கா அதை மாமியிடம் சொல்லியிருக்கிறாள். மாமி தலைமுறை தலைமுறையாக வன்னியிலேயே இருக்கிற குடும்பம். புருசன் இல்லாமல் தனியாக வயல் செய்கிறவ. அப்பாவின் மலையகப் பேச்சை அவர் முகத்துக்கு நேரே நடித்துக் காட்டுவா. "என்னாங்க, ஏதுங்க" என்பா. அப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். எங்கள் வயலுக்கு முதல் ஆளாக அரிவாளோடு வந்ததும் அவதான். அவவுக்கு முழங்காலில் பழைய நோ. அடுத்த முறை தன்னுடையது என்பதால் அந்த நோவை எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாகப் பேசிப் பேசிப் பழகினாவாம்.

அப்படி வந்ததுதான் அந்தச் சனிக்கிழமை.

நான் எடுத்ததும் மாமி சொன்னா, "டொக்டர் தம்பி, எப்பிடி இருக்கிறீர்?"

"இருக்கிறன் மாமி. முழங்கால் எப்பிடி?"

"அது கிடக்கட்டும். இருவது வருசம் பொறுத்தது, இன்னும் கொஞ்சம் பொறுக்கும். கொஞ்சம் நில்லும்."

தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவவின் குரல், தெருவைப் பார்த்து.

"அண்ணை, இஞ்ச வாங்கோ."

அப்பாவின் பதில் எனக்குக் கேட்கவில்லை.

"இது என்ர முறை. நான் உங்களுக்குத் தாறன். என்ன பாக்கிறியள்? வேண்டாமெண்டு சொல்லுங்கோ பாப்பம். சொன்னா, உங்கட வயலில அரிவாள் பிடிச்சு இந்தக் கை வலிச்சது சும்மா எண்டு நான் நினைப்பன்."

நானாவின் குரல் வந்தது. "வாங்க அண்ணன். தம்பியிட போன் காட்ல காசு ஓடுது."

செருப்புச் சத்தம் மேசைவரை வந்தது. பிறகு அப்பா மூச்சு விடுவது கேட்டது.

"என்னா தம்பி."

"அப்பா, இடது காலைக் காட்டுங்கோ."

"போன்ல எப்புடிடா காட்டுறது?"

கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். "அக்காவிட்ட காட்டுங்கோ. கதிரையில இருந்து காலைத் தூக்குங்கோ. அடிப்பக்கம். அவளிட்டத் தொலைபேசியைக் குடுங்கோ."

கதிரை இழுபட்டது. அக்கா குனிந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு மெல்லச் சொன்னாள். "பெருவிரலுக்குக் கீழ கறுப்பாக் கிடக்கு. முள்ளொண்டு உள்ளுக்கு ஏறி முறிஞ்சு நிக்குது. மணக்குதடா."

"அமத்திப் பார்."

"அமத்துறன்."

"என்ன சொல்லுறார்?"

பின்னால் அப்பா கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எப்பம்மா அமத்தப் போற?"

அக்கா தொலைபேசியை அவரிடம் கொடுத்தாள். நான் அப்பாவிடம் என்னுடைய ஒரே மருந்தைச் சொன்னேன். அவர் வழக்கம்போல வழி தேடினார். வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், இன்றைக்கு விட்டால் பக்கத்து வாய்க்கால்காரன் மறித்துவிடுவான் என்றார்.

"தண்ணி நான் கட்டுறன்," என்றா மாமி. "அதையும் கணக்கில வையுங்கோ. நடவுங்கோ."

காட்டில் காசு முடிந்து தொடர்பு அறுந்தது. நான் அப்படியே வகுப்புக்குப் போனேன். அன்று இரசாயனம். கரும்பலகையில் எழுதியது ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. குசினியில் நைஜீரியப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு என்ன என்று கேட்டான். அப்பா, கால் என்றேன். அவன் தன் இடத்தை எனக்கு விட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போன் பண்ணினேன். எங்கள் ஆட்கள் யாரும் வரும் நாள் இல்லை. நானாதான் எடுத்தார். எனக்குச் சொல்வதற்காக அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"விரலொண்டு எடுத்துப்போட்டாங்க தம்பி. கால் நிக்குது. இன்னும் பத்து நாள் பிந்தியிருந்தா முழங்காலுக்குக் கீழ போயிருக்குமாம். சீனி கனக்கவாம். வாட்டில இருந்துகொண்டு உம்மட அப்பா கேக்கிற ஒரே கேள்வி, தண்ணி கட்டியாச்சோ எண்டுதான்."

நான் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழும்பிப் படிக்கப் போனேன். ஆனியில் ஆயத்த வருடச் சோதனையில் தேறினேன். இப்போது மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம். சென்ற வருடம் சண்டை தொடங்கி, பாதையைத் திரும்பவும் பூட்டிவிட்டார்கள். நானாவின் கடைக்கு எங்கள் ஊரில் இருந்து யாரும் இப்போது வர முடியாது. மாமியின் முழங்காலைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இன்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு மாமியும் அம்மாவும் வரம்பில் இருந்து கணக்குப் பார்த்ததை அக்கா சொன்னாள். விட்டுக்கொடுத்த முறைக்கு ஒரு நாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தண்ணீர் கட்டியதற்கு நான்கு நாள். அம்மா ஒரு நாளைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, மாமியும் குறைக்கவில்லை. அம்மாவும் அக்காவும் அந்தப் போகத்திலேயே கொடுத்து முடித்தார்கள். எல்லாம் கூட்டினால், அந்தக் கால் நின்றதற்கு நாங்கள் கொடுத்தது: மாமியின் வயலில் ஐந்து நாள் களை பிடுங்கல், அப்பாவின் இடது காலில் பெருவிரல்.