அம்மாக்கண்ணு அக்கா வீட்டுச் சோலார்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைக் "கரண்டு சோலைமலை" என்பார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டு வருவதற்கு முன்பே எனக்கு அந்தப் பட்டம் வந்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனுக்கு ஏணி பிடிப்பதுதான் என் வேலை. ஆனால் ஹட்டனில் நடந்த ஒருநாள் சோலார் வகுப்புக்குப் போய், கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அந்த வகுப்பில் எனக்கு நன்றாக நினைவிருந்தது மத்தியானம் போட்ட கோழிக்கறி மட்டுமே.

லயத்தில் எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் அம்மாக்கண்ணு அக்கா. கொழுந்து பறிக்கிறவர். ஒரே மகள் ரஜனி குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். அவள் உழைப்பில் வந்ததுதான் கூரைமேல் சோலார் தகடு, உள்ளே பேட்டரி, ஒரு விளக்கு, அந்தப் பேட்டரியில் ஓடும் கம்பியில்லா மேசை போன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரஜனி அதில் கூப்பிடுவாள். இங்கிருந்து யாரும் அங்கே போன் பண்ணக்கூடாது என்பது அவள் வேலை செய்த வீட்டம்மாவின் உத்தரவு.

2006ஆம் ஆண்டு ஆயுத பூசைக்கு நான் போய்க் கன்ட்ரோலரைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்குள் விடும் சின்னப் பெட்டி அது. சார்ஜ் ஏறினால் பச்சை விளக்கு எரியும். பூசை முடிந்து சில நாளில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பிறகு அதுவும் அணைந்தது. போனும் செத்தது.

"தம்பி, புள்ள கூப்புடுவா. எப்புடியாச்சும் பாத்துக் குடுங்க," என்றார் அக்கா.

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? கன்ட்ரோலர்தான் பிழை," என்றேன். பழுதான பிறகு பெட்டியை இன்னும் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஃபியூஸ் மாற்றினேன். கன்ட்ரோலரைப் பிரித்து மறுபடி மூடியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. யாரும் பார்ப்பதற்குள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. அக்கா ஒவ்வொரு வெள்ளியும் செத்த போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சர்டிபிகேட்ட அடுப்புல போடுங்க. தண்ணியாச்சும் காயும்," என்றாள் என் மனைவி சண்முகவடிவு.

கடைசியில் கன்ட்ரோலரைத் தலவாக்கலை ரேடியோக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் தகட்டோடு இணைத்தார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இதுல ஒண்ணும் இல்லீங்க. கூரையில ஏறித் தகட்டப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. தகரக் கூரைக்கும் என் தொப்பைக்கும் ஒத்துவராது. இந்த ஆளுக்குத் தொழில் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் அதைத் திரும்ப மாட்டினால் பச்சை வரவில்லை.

அடுத்த வெள்ளி காலை அக்கா கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, வேறு வழி தெரியாமல் கூரையில் ஏறினேன். தகட்டின் குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை, நடுவில் தட்டு அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு. அக்கா வீட்டு நிலைப்படியிலும் அதே பெயிண்டில் அதே பட்டைதான். ஆயுத பூசைக்குப் பூசும் திருநீறு மழையில் கரைந்துவிடும் என்று, கோயில் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எடுத்து, மகள் வாங்கித் தந்த பொருளுக்கு நிரந்தரமாகவே பூசியிருக்கிறார். தகட்டில் ஒரு வரிசை மறைந்தாலே மொத்த மின்சாரமும் படுத்துவிடும். முதலில் தகட்டைப் பார் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் சாப்பாட்டு மணியைக் கவனித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். கீழே இறங்கிப் பார்த்தால் பச்சை விளக்கு எரிந்தது. லயமே அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. சாயங்காலம் எல்லோரும் வரட்டும், கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று காத்திருந்தேன்.

அக்கா வந்து கூடையை இறக்குவதற்குள் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார். ரஜனியின் குரல் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"அம்மா? அம்மா, உசுரோட இருக்கியா? ஒவ்வொரு வெள்ளியும் அடிச்சேம்மா. போனே போகல. நீ செத்துட்ட, எங்கிட்ட மறைக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருக்கேன்டி. நீதான் என்னய மறந்துட்டியோன்னு..." இரண்டு பேரும் அழுதார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா தம்பி கோளாறு அதுல?"

சொல்லத் தயாராக வைத்திருந்த கதை நாக்கு நுனியில் நின்றது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் பூசிய பட்டைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

"பூசைக்குத் தொடைச்சப்ப நான்தான் வயரை மாத்திப் பூட்டிட்டேங்கக்கா," என்றேன்.

அக்காவுக்கு வந்தது போன்ற கோபத்தை இதுவரை யாரிடமும் நான் பார்த்ததில்லை. "அட கூறுகெட்டவனே!" என்று கத்தியவர், அதே மூச்சில் போனுக்குள்ளும் கத்தினார். "எல்லாம் இந்தச் சோலமல பண்ணுன வேலடி! வயரத் தப்பாப் பூட்டிப்புட்டு, இத்தன நாளா அந்தப் பெட்டியவே நோண்டிக்கிட்டு இருந்திருக்கான்!"

அழுதுகொண்டிருந்த ரஜனி, குவைத்தில், வாய்விட்டுச் சிரித்தாள்.