துடைப்பத்தக்காவும் ஏழு நீலக் குருணையும்

பிளாஸ்டிக் வாளி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் துடைப்பத்தக்கா. பதினோரு வருடமாகத் தரை அவள் பொறுப்பு. மூட்டைகளைக் கத்தியால் கிழித்து இயந்திரத்தில் கொட்டும்போது, மிளகளவு பிளாஸ்டிக் குருணை நாலாபக்கமும் சிதறும். வேலை முடிந்ததும் குழாயைத் திறந்து, அத்தனையையும் ஓரத்துச் சாக்கடைக்குள் தள்ளிவிடுவாள். தரை கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. சாக்கடை எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை.

ஒரு விடுமுறை நாளில் அவள் கணவர் கடலில் தூண்டில் போட்டு இரண்டு மீன் கொண்டுவந்தார். சுத்தம் செய்யும்போது ஒன்றின் குடலில் ஏதோ நெருடியது. கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஏழு நீலக் குருணை.

"இது எங்க கம்பெனி நீலங்க. போன வாரம் இந்த நிறத்துலதான் வாளி ஓடிச்சு."

"அப்ப மீனுக்கும் உனக்கும் ஒரே முதலாளின்னு சொல்லு," என்று சிரித்தார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் கையாலதான் தள்ளியிருக்கேன்," என்றாள். அன்று மீன் அடுப்பேறவில்லை.

மறுநாள் பழைய கொசுவலையை மடித்துச் சாக்கடை வாயில் கட்டினாள். தண்ணீர் தேங்கி, சூப்பர்வைசரின் ஷூ நனைந்தது.

"என்னக்கா, நீச்சல் குளமா கட்டுறீங்க?"

"குழாயே வேணாம் தம்பி. தண்ணி விடாமக் கூட்டி அள்ளிடறேன். அரை மணி கூடுதலா ஆகும், ஆகட்டும்."

மூட்டை பிரிப்பவர்களிடமும் போய் நின்றாள். "கிழிக்காதீங்கப்பா. தையல் நூல உருவுங்க, ஒண்ணும் சிந்தாது." முதலில் கேலி செய்தார்கள். அக்கா துடைப்பத்தோடு தினமும் பக்கத்திலேயே நிற்க, அவள் வாய்க்குப் பயந்தே ஒவ்வொருவராக நூலை உருவ ஆரம்பித்தார்கள்.

மாதக் கடைசியில், அவள் கூட்டிச் சேர்த்த மூட்டையைச் சூப்பர்வைசர் தூக்கிப் பார்த்தார். தனியாளாக முடியவில்லை.

"இவ்வளவுமா வெளிய போச்சு?"

"இது சிந்தாம இருக்கப் பழகின மாசம் தம்பி. முன்னாடியெல்லாம் இதுக்கு மேல."

அவர் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தார்; எல்லா நிறமும் கலந்திருந்தது. அதை உருக்கிக் கறுப்பு வாளிக்குப் போடச் சொன்னார். அந்த வாரமே சாக்கடைக்கு இரும்பு வலை வந்தது.

மூட்டை இறக்கும்போது குருணை சிந்தும் லாரி முற்றம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. மழை மேகம் கூடினால், தண்ணீர் அடித்துப் போவதற்குள் கூட்டிவிட அங்கே ஓடுவாள். அழைத்துப்போக வந்த கணவர் வாசலில் சைக்கிளோடு காத்திருப்பார்.

"ஊரையே கூட்டிட்டுத்தான் வருவியா?"

"பேசாம அந்த முறத்தப் பிடிங்க."

முதுகு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே அவர் குனிவார்.