கிண்ணத்தில் முதல் வாய்

ஏரல் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. துப்பினேன். மண்ணில் விழுந்தது ரத்தம். வண்டிக்காரன் பார்த்துவிடக் கூடாதென்று காலால் மூடினேன்.

வீட்டில், வேட்டியில் பட்ட கறையை வெற்றிலைச் சாறு என்றேன். "காலைலருந்து வெத்தலையே போடலயே நீங்க" என்றாள் மனைவி. மாலையானால் காய்ச்சல். விடியும்போது உடம்பெல்லாம் வியர்வை. எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகுதான் பாளையங்கோட்டைக்குப் போனேன்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சளியை எடுத்துப் பார்த்தார். க்ஷயம் (நுரையீரலை அரித்துத் தின்னும் நோய்) என்றார்.

"ஒம்ம சளியிலயும் எச்சில்லயும் கிருமி கெடக்கு வே. தனி டம்ளர், தனித் தட்டு வச்சுக்கிடும். சாம்பல் போட்ட சட்டியில துப்பி, அத எரிச்சிரும். புள்ளையளக் கிட்ட சேக்காதீரும்."

"மருந்து?"

"மீனெண்ணெய், பால், முட்டை, நல்ல காத்து. வேற மருந்து கெடையாது."

எல்லாம் செய்தேன். என் டம்ளரை வேறு யாரும் தொடவில்லை. சின்ன மகள் ஓடி வந்தால் கம்பை எடுத்து மிரட்டினேன். அவள் வாசலில் நின்று அழுவாள். வீட்டில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வேதக்கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம், கர்த்தரின் பந்தி. ஒரே வெள்ளிக் கிண்ணம். அப்பத்தை வாங்கிய பின் எல்லோரும் அதில் வாய் வைத்துத் திராட்சரசம் குடிக்க வேண்டும். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று குருவானவர் வாசிப்பார். அவரை நாங்கள் ஐயர் என்போம். வாசித்து முடித்ததும் எங்கள் சாதி முதலில் போய் முழங்காலிடும். நாங்கள் எழுந்த பிறகுதான், தாழ்ந்த சாதி என்று நாங்கள் ஒதுக்கிய கீழத்தெருக்காரர்கள் வருவார்கள். அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. மாற்றவும் யாருமில்லை. எங்கள் வரிசையிலும் முதல் இடம் என் குடும்பத்துக்கு.

ஐயருக்கு உதவியாக ஊரில் இருந்த உபதேசியார் ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, கோவிக்கப்படாது. சொகமாவுற வரைக்கும் கிண்ணத்தக் கடைசியா வாங்கிக்கிட்டியன்னா…"

"கடைசின்னா? கீழத்தெருவுக்குப் பொறவா?"

"ஆமா."

"அவனுவ எச்சில நான் குடிக்கணுமா? வெளிய போரும் வே."

உள்ளேயிருந்து என் அண்ணன் கத்தினார். "ஏலே, நீ கடைசியில போய் முட்டி போட்டா எம் மவளக் கட்டிக்கிட எவன்லே வருவான்?"

மனைவி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அப்பொ போவாமலாவது இருங்களேன்." போகாவிட்டால் சீக்குக்காரக் குடும்பம் என்று முதல் இடத்தைப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் போனேன்.

மாதாமாதம் முதல் ஆளாகக் குடித்தேன். ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு நீட்டுவார். அந்தத் துணி போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துப்பியதை எரிக்கச் சொன்னவர் டாக்டர். துணியை நம்பியவன் நான்.

ஆற்றங்கரைத் தோப்பில் ஓலைக்கொட்டகை போட்டு அங்கேயே கிடந்தேன். பாலும் முட்டையும் வந்துகொண்டே இருந்தன. காய்ச்சல் விட்டது. சதை பிடித்தது. கோயிலில் எனக்காக ஸ்தோத்திர ஆராதனை நடத்தினார்கள்.

அடுத்த நடவில், கீழத்தெரு ஞானப்பூ நாற்றைக் கையில் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்து இருமினாள். எங்கள் வயலில் வேலை செய்கிற விதவை அவள். கோயிலில் பெண்கள் பக்கம் கடைசி ஆள். அந்த இருமல் எனக்குத் தெரியும்.

என் வண்டியில் அவளை ஏற்றினேன். "வண்டிய வெட்டிப் போட்டுருவேன்லே" என்றார் அண்ணன். "வெட்டிக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு மாட்டை ஓட்டினேன்.

அவளுக்கும் க்ஷயம்தான். டாக்டரைத் தனியே கேட்டேன்.

"எங்கிட்டருந்து வந்ததா?"

"எங்கருந்தும் வந்திருக்கலாம். அத யாரும் சொல்ல முடியாது."

"கிண்ணத்துலருந்து?"

"வந்திருக்கலாம் வே."

திரும்பும் வழியில் அவளிடம் சொன்னேன். கொட்டகை உனக்கு, பாலும் முட்டையும் நான் அனுப்புகிறேன் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"ஒங்களுக்கு இந்தச் சீக்குன்னு உபதேசியார் அப்பவே எங்க தெருவுல சொல்லிட்டாரு மொதலாளி."

"தெரிஞ்சுமா குடிச்ச?"

"பொறவு? ஒங்களுக்காவ ஆண்டவர வேண்டாம்னுட்டுப் போவச் சொல்லுதியளா?"

மாட்டை நேரே கொட்டகைக்கு ஓட்டினேன். கொட்டகையில் அவள் தேறுவாள் என்று நம்பினேன். பால் அவள் உடம்பில் ஒட்டவில்லை. பசித்த உடம்பில் நோய் வேகமாகப் போகும் என்றார் டாக்டர். அவள் நட்ட பயிர் அறுப்புக்கு வருமுன் செத்துப்போனாள்.

இருமலோடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பிழைக்கலாம். நான் பிழைத்தேன். ஆனால் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்கும் வாயை அடுத்தவனிடமிருந்தும் விலக்கி வையுங்கள்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. நான் இப்போது கீழத்தெருவுக்கும் பிறகு முழங்காலிடுகிறேன். இதைத் தாழ்மை என்று சிலர் சொல்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

வலது நெஞ்சில் ஓரிடம் இறுகிக் கிடக்கிறது. வடு (ஆறிய புண்ணின் தடம்) என்கிறார் டாக்டர். மூச்சு அதுவரை போய்த் திரும்பிவிடும். முன்பு எனக்கு மாதம் என்றால் சந்தையும் அறுப்பும். இப்போது ஒரு முதல் ஞாயிறுக்கும் அடுத்த முதல் ஞாயிறுக்கும் இடையில் கிடப்பதுதான் மாதம். என் முறைக்குக் காத்திருக்கும்போது ஒவ்வொரு தொண்டையிலும் ரசம் இறங்குவது எனக்குக் கேட்கிறது.

சளியில் கிருமி இல்லை, தாராளமாகக் குடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐயர் கிண்ணத்தை நீட்டுகிறார். கிண்ணத்தில் மிஞ்சும் ரசத்தைக் கடைசியில் குடித்து முடிக்க வேண்டியவர் அவர். கடைசியில் நின்றாலும் எனக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். உதடு திறக்க மறுக்கிறது. அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.