முகத்தில் பழுத்த கோப்பி

கண்டியில் அரிசிக்கடை வைத்திருந்த மாமாவின் மகளுக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பற்றி ஒரே ஒரு கருத்துச் சொல்லியிருந்தாள். கடைக்குப் போய்வந்த என் அக்கா அதைச் சிந்தாமல் சுமந்துவந்து இறக்கினாள்.

"மச்சான் மூஞ்சி பழுத்த கோப்பிச் செடி மாதிரி இருக்காம்டா. கூடை கொண்டுபோனா பறிக்கலாமாம்."

பொய்யில்லை. கலஹாப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தோட்டத்தைவிட என் முகத்தில் விளைச்சல் அதிகம். சிவந்து உருண்ட பருக்கள், கொத்துக் கொத்தாக. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார் மாமா. மகள் தலையாட்டினால்தான் கல்யாணம் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் மலை முழுக்கக் கோப்பி பூத்துக் கிடந்தது. மல்லிகை வெட்கப்படும் வாசனை. இவ்வளவு அழகான பூவைப் பூசினால் முகமும் அழகாகாதா? என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்; இன்றைக்கும் பெரிய முன்னேற்றமில்லை. செடியிலிருந்து பறித்தால் காய் போய்விடும், தோட்டத்துத் துரை என் தோலை உரித்துவிடுவார். பருத் தொல்லை அதோடு தீரும்தான். என்றாலும் அக்காவின் பழஞ்சேலையைச் செடிக்கடியில் விரித்து, தானாக உதிர்ந்த பூவையே அள்ளினேன். சந்தனமும் பாலும் சேர்த்து அம்மியில் அரைத்தேன்.

"கஸ்தூரி மஞ்சளும் கொஞ்சம் போடு" என்று சொல்லிவிட்டு அக்கா தண்ணீர் எடுக்கப் போனாள். நான் போட்டது கறி மஞ்சள். அதில்தான் நிறம் தூக்கலாக இருந்தது. நிறம் தூக்கல் என்றால் குணமும் தூக்கல்தானே!

பூசிக்கொண்டு படுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ஓடையில் கழுவினேன், தேய்த்தேன், மணல் போட்டும் தேய்த்தேன். பருக்கள் இன்னும் சிவந்தன. மஞ்சள் அசையவில்லை.

அக்கா சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "கறி மஞ்சளையா பூசுன? உப்புப் போட்டியாடா?"

கண்டிக்கு நடந்தோம். வாசனைக்கு இரண்டு தேனீக்களும் கூடவே வந்தன. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, எந்தக் கோயில் சாமிய நடத்திக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

மாமா வீட்டில் கதிரையில் உட்கார்ந்தேன். கதவோரம் வந்து நின்றவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இவங்க பொண்ணு பாக்க வந்தாங்களா, பொண்ணக் கூட்டிட்டு வந்தாங்களா?"

மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. அவள் தண்ணீர்ச் செம்போடு கிட்டே வந்தாள்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு. என்ன பூ மச்சான்?"

"கோப்பிப் பூ."

"எனக்காகவா?"

தலையாட்டப் போனேன். ஒரு தேனீ மூக்கு நுனியில் வந்து அமர்ந்தது. மூச்சை நிறுத்திக்கொண்டேன். அவள் முந்தானையால் அதை வீசி விரட்டிவிட்டு, தகப்பன் பக்கம் திரும்பித் தலையாட்டினாள்.

"சரிப்பா. இவர இப்படியே விட்டா தேனீ தூக்கிட்டுப் போயிரும்."

மாமா வெற்றிலைத் தட்டை எடுக்க எழுந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தேனீ காதில் இருந்தது.